யாருக்குச் சொல்ல வேண்டும்?

பெரியவளைப் போன வாரம் எங்கே விட்டோம்? ஆபீஸ் வாசலில், கையில் குடையோடு, உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விட்டோம். யோசித்து என்ன பிரயோஜனம், உள்ளேதான் போனாள். வேலை என்று ஒன்று இருந்தால் அவள் கால் அந்தப் பக்கம்தான் போகும். அவள் தங்கை அவள்மேல் வைத்திருக்கும் முக்கியமான குற்றச்சாட்டே அதுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. பெரியவளும் சின்னவளும் கூடப்பிறந்தவர்கள். ஒரே ஊரில் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா போன அன்று சின்னவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அக்காவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அக்காவின் போன், ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் ஓடும் மெஷின் ரூமுக்கு வெளியே ஒரு பெட்டியில் பூட்டிக் கிடந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த ஆபீஸின் சட்டம். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் சின்னவள் சொன்னாள். "உனக்கு அந்த மெஷின்தான் சொந்தம். அங்கயே இரு."

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் வீடு மாற்றினாள், தலை நரைத்தது, இரண்டுமே தங்கைக்குத் தெரியாது.

அப்பா சின்னவள் வீட்டில் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவள் அந்த வீட்டுக்குப் போன் செய்வாள். சின்னவள்தான் எடுப்பாள். ஹலோகூடச் சொல்லாமல் அப்பாவிடம் நீட்டிவிடுவாள். அப்பாவிடம் தனியாக ஒரு போன் இருக்கிறது. அதற்கு அடிக்காமல் வீட்டுப் போனுக்கு ஏன் அடிக்கிறாள் என்று யாரும் பெரியவளைக் கேட்டதில்லை. எடுத்து நீட்டுவதற்குள் தங்கை விடும் அந்த ஒரு மூச்சைக் கேட்பதற்காகத்தான்.

இனி ஆபீஸுக்குள் போவோம்.

அந்த ஆபீஸின் தொழில் மணி. தனியாக இருப்பவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பொத்தான் அது. மயக்கம் வந்தாலோ, குளியலறையில் வழுக்கினாலோ அழுத்த வேண்டியது. அவர்கள் பதிந்துவைத்த சொந்தக்காரருக்கு உடனே செய்தி போய்விடும். சொந்தக்காரர் என்று யாரையும் பதியாதவர்களுக்காக ஆபீஸிலேயே டியூட்டி மேஜை என்று ஒன்று உண்டு. அங்கே மணி அடிக்கும். மேஜையில் இருப்பவர் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுத் தானும் ஓடுவார்.

இதையெல்லாம் பின்னாலிருந்து நடத்தும் புரோகிராமைப் பெரியவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். கல்யாணம் கூடிவந்து தட்டிப்போனது, அம்மா போனது, தங்கை விலகியது எல்லாம் அதற்குப் பிறகு. இத்தனையும் நடந்தபோது ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது அந்தப் புரோகிராம் ஒன்றுதான்.

அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவந்த டேட்டாபேஸை இப்போது மாற்றுகிறார்கள். பழையதை விற்ற கம்பெனி இனிமேல் பழுது பார்க்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. விவரங்கள் அத்தனையும் வேறொரு டேட்டாபேஸுக்குக் குடிபோகின்றன. வீடு மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாமான்கள் வந்து சேர்ந்தபின்னும் கை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பழைய அலமாரி இருந்த பக்கமே போகும். புரோகிராமும் அப்படித்தான். ஒவ்வொரு வரியாகப் பிடித்து அதைப் புது இடத்துக்குப் பழக்க வேண்டும். அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்த ஆள் ஆபீஸில் பெரியவள் ஒருத்திதான்.

மாற்றும் பொறுப்பு அவசரத்தினுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அவசரம்தான். லிஃப்ட் வந்து கதவு திறந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் மனிதர். காலையில் சோதனை, சாயங்காலம் பழையதை அணைத்துவிடுவது என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சோதனைக்கு அவர்கள் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கழுத்தில் மணி மாட்டியாக வேண்டும். நாம் விற்பதை நாமே மாட்டாவிட்டால் எப்படி என்பது கம்பெனியை ஆரம்பித்தவரின் பிடிவாதம். அதனால் முந்தின நாளே எல்லோரும் வீட்டில் சொல்லிவைத்துவிட்டார்கள், நாளைக்குக் காலையில் செய்தி வரும், பதறாதீர்கள் என்று. பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. 'யாருக்குச் சொல்ல வேண்டும்?' என்று பதிவில் கேட்கிற இடத்தை அவள் நிரப்பியதே இல்லை. அவள் அழுத்தினால் டியூட்டி மேஜையில்தான் அடிக்கும், அங்கே இருப்பவர் எட்டிப்பார்த்து "நீங்கதானா?" என்பார். வருஷா வருஷம் நடக்கிற சோதனைகளில் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

எல்லோரும் அழுத்தினார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொருவரின் மணி எண்ணும் பச்சையானது. பச்சை என்றால் சொந்தக்காரருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மஞ்சள் என்றால் டியூட்டி மேஜை.

பெரியவள் கடைசியாக அழுத்தினாள். பச்சை வந்தது.

அவசரம் கைதட்டினார். ஒரு மஞ்சள்கூட இல்லை, அத்தனையும் பச்சை, இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே மேலிடத்துக்குப் போன் போடக் கிளம்பிவிட்டார். டியூட்டி மேஜைக்காரர் தன் டீயை ஆற்றிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவர் மேஜை மணி அடிக்கவே இல்லை.

பெரியவள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன்னுடைய எண் எப்படிப் பச்சையாகும்? போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு மெஷின் ரூமுக்குள் போனாள்.

எந்தப் போன் எண்ணுக்குச் செய்தி போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதை ஓர் இலக்கம்கூட விடாமல் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். சின்னவளின் எண்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சின்னவளே பதிந்திருப்பாள். அப்படிச் செய்ய வழி இருக்கிறது. 'அவங்களுக்கு ஏதாவதுன்னா எனக்குச் சொல்லுங்க' என்று ஆபீஸைக் கூப்பிட்டுச் சொந்தக்காரரே பதிந்துகொள்ளலாம். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு போன மருமகள்கள் அப்படி ரகசியமாகப் பதிந்துவைத்ததை அவளே பார்த்திருக்கிறாள். ஏதோ ஒரு நாள், சமையலை இறக்கிவைத்துவிட்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், சின்னவள் ஆபீஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எந்த நாள்? மழை பெய்த நாளா? அம்மாவின் திதி வந்த நாளா? பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குளிரில், மெஷின்களின் இரைச்சலில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நன்றாகவே அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்றைக்குப் பதிந்தாள் என்று தேடினாள். புது டேட்டாபேஸில் அவள் எண்ணுக்கு நேராகச் சொந்தக்காரர் என்று ஒரு வரியும் இல்லை. பழையதிலும் தேடினாள். அங்கேயும் இல்லை. சின்னவள் எதையும் பதியவில்லை.

அப்படியானால் செய்தி எப்படிப் போனது என்ற கேள்வி வருவதற்கு முன்னால் இன்னொன்று உறைத்தது. செய்தி நிஜமாகவே போயிருக்கிறது. இது சோதனை என்று தெரியாத ஒருத்திக்கு, 'உங்கள் உறவினர் அவசர மணியை அழுத்தியிருக்கிறார்' என்று, பெயரோடும் விலாசத்தோடும் போயிருக்கிறது.

பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். திரை நிறையச் சின்னவள் கூப்பிட்டிருந்தாள். இத்தனை வருஷம் வராத அழைப்புகளெல்லாம் சேர்த்துவைத்து வந்த மாதிரி இருந்தது. திருப்பிக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அடுத்த நிமிஷமே வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவர், மேலே பெரியவளுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்.

"ஏம்மா, நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

நல்லாத்தான் இருக்கிறேன் என்றாள் பெரியவள்.

"அப்ப சீக்கிரம் வாங்க. உங்க தங்கச்சியாம், கதவ உடைச்சிட்டாங்க."

வீட்டு வாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார், ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறியிருக்க, குறுக்கே நின்றது. சின்னவள் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள், ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லித்தருவதுதான் அவள் பிழைப்பு. உள்ளே பக்கத்து சீட்டில் ஒரு நடுத்தர வயதுக்காரர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் ஒரு பல் டாக்டர் என்றும், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது டீச்சர் செய்தியைப் படித்துவிட்டுத் தன்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றும், அந்த வேகத்தில் கார் போகும் என்பதே தனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். உள்ளே எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, பாடம் தொடருமா என்றும் கேட்டுக்கொண்டார்.

மேலே கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. பூட்டு இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் இருப்பதே ஒரே ஒரு நாற்காலி. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு கப். ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு துண்டு. கட்டிலின் ஒரு பாதியில் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன, படுக்கிற ஆளுக்கு மறு பாதி போதும் என்பதால். தங்கை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. தன் வீடு எப்படி இருக்கிறது என்று அவளே இன்றைக்குத்தான் பார்த்தாள்.

சின்னவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. வலது கை விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு.

"உள்ள விழுந்து கிடக்கியோன்னு நெனச்சேன்" என்றாள். முட்டியைத் தடவிக்கொண்டாள். "கூப்பிடக் கூப்பிட எடுக்கல."

"மெஷின் ரூம்ல இருந்தேன். போன் பெட்டியில இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அதே வாக்கியத்தை அம்மா போன அன்றும் சொன்னது ஞாபகம் வந்தது. சின்னவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். பெரியவள் அடுத்து வரப்போவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் வந்தது வேறு.

"என் நம்பரையா போட்டு வச்சிருக்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நான் அத்தன பேசினேன். அதுக்கு அப்புறமுமா எடுக்காம வச்சிருந்த?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அது புரோகிராமில் ஏதோ கோளாறு, நான் யாரையுமே போடவில்லை, உன்னையும் போடவில்லை என்று சொல்ல வேண்டும். தங்கை அந்த ஒற்றை நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் ஏதாவது வாங்கி வந்திருக்கிறாயா என்று அக்காவைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பெரியவளின் தலை தானாக ஆமாம் என்று அசைந்தது.

அதன் பிறகு சின்னவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், அக்கா இளைத்துப்போய்விட்டாள் என்றாள், இந்த வீட்டில் மனுஷர் இருப்பாரா என்றாள். யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். கப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு அரிசி அளக்கிற குவளையில் ஊற்றிக்கொண்டாள். அப்பாவுக்குக் காது இப்போது சரியாகக் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் சொல்லும் 'சரிம்மா'வில் பாதி கேட்காமலே சொல்வது என்றாள். அவளுடைய வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றிக்கூடச் சொன்னாள். இத்தனை வருஷப் பேச்சையும் ஒரு டீயில் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் பேசினாள்.

பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். டீ இனித்தது. உடம்பெல்லாம் சூடு பரவியது. ஒவ்வொரு வாய்க்கும் அந்தத் தலையசைப்பும் ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது சின்னவள் தொங்கும் கதவைப் பார்த்தாள். சாயங்காலம் பூட்டுக்காரரைத் தானே கூட்டிவருவதாகச் சொன்னாள். படியில் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணாத, அக்கா. நேர்ல வா."

அக்கா என்ற அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவும் ஆடியதால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் ஆபீஸுக்குத் திரும்பினாள். திரும்பாமல் இருக்க முடியாது. சாயங்காலம் பழையதை அணைத்துவிடுவார்கள்.

கோளாறு அவள் கையாலேயே எழுதிய ஒரு வரியில் இருந்தது. மணிக்காரர்களை எண் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, இவருக்குச் சொந்தக்காரர் யார் என்று புரோகிராம் டேட்டாபேஸைக் கேட்டு ஒரு பட்டியல் போட்டுவைக்கும். 'அப்படி ஒருவர் இல்லை' என்பதைப் பழைய டேட்டாபேஸ் 1403 என்ற எண்ணால் சொல்லும். புதியது அதையே 100 என்று சொல்கிறது. மற்ற எல்லா வரிகளையும் மாற்றியபோது இந்த ஓர் எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. எண் எண்ணாகவே இருந்ததால் எந்தச் சோதனையும் அதைப் பிழை என்று காட்டவில்லை. புரோகிராம் பழைய பழக்கத்தில் '1403 வந்ததா?' என்று மட்டும் கேட்டது. வரவில்லை. அப்படியானால் ஆள் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, கையில் ஏற்கெனவே இருந்த போன் எண்ணை எழுதிவைத்துவிட்டது. கையில் இருந்தது அதற்கு முந்தின ஆளின் சொந்தக்காரர் எண்.

பெரியவள் தனக்கு மணி வாங்கிய அன்றே அப்பாவுக்கும் ஒன்று வாங்கியிருந்தாள். அப்பாவின் மணி எண்ணுக்கு அடுத்தது அவளுடையது. அப்பாவின் சொந்தக்காரர் சின்னவள். அவ்வளவுதான் விஷயம்.

அவசரத்திடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். குழுவில் இருந்தவர்களும் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள்.

"உங்க தங்கைக்குத்தான போயிருக்கு மேடம்? அவங்களும் வந்திருக்காங்க. இதுல தப்பு என்ன இருக்கு?"

இதைச் சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பெரியவள் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். இல்லை.

"அவ என் பதிவுல இல்ல சார். யாருமே இல்ல. எனக்கு முன்னாடி வரிசையில எங்கப்பா இருந்தாரு, அதனால தங்கச்சி வந்தா. மத்தவங்களுக்கு முன்னாடி அவங்கப்பா இருக்க மாட்டாரு. யாரோ இருப்பாங்க. யாரோட மகனோ செய்தியப் பாப்பான், தெரியாத பேரா இருக்கேன்னு அழிச்சிட்டுப் போயிடுவான். நம்ம மேஜையில மணி அடிக்காது. விழுந்தவங்க விழுந்த இடத்துலயே கிடப்பாங்க."

டியூட்டி மேஜைக்காரர் டீயைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் 'நீங்கதானா?' என்று கேட்டுச் சிரித்தவர், இப்போது அவள் பக்கம் பார்க்காமல் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அவளுக்கு யாரும் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் அதை அவள் வாயால் கேட்பது வேறு.

அவசரம் அன்றைக்கு முதல் தடவையாக அவசரப்படவில்லை. மேலிடத்தைக் கூப்பிட்டு, இன்றைக்குப் பழையதை அணைக்க முடியாது என்று சொன்னார். அந்தப் பக்கம் கத்தியதையெல்லாம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டு முடித்தார்.

பெரியவள் எண்ணை மாற்றினாள். 'இல்லை' என்று பதில் வந்தால் முதலில் கையைக் காலி செய்துவிட்டு மறு வேலை பார் என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். பட்டியலைப் புதிதாகப் போட்டு, கழுத்தில் இருந்த மணியை அழுத்தினாள். திரையில் மஞ்சள் வந்தது. டியூட்டி மேஜையில் கணீரென்று அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பது அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு வலித்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தங்கையின் எண்ணை இப்போது பதியலாம். காலையில் இல்லாதது இப்போது இருந்துவிட்டால் பொய் எங்கே? ஆனால் ஒழுங்காகப் பதிந்தால் சின்னவளுக்கு ஒரு கேள்வி போகும். 'உங்களை இன்று முதன்முறையாகத் தம் சொந்தக்காரராகப் பதிகிறார். சம்மதம் என்றால் 1, இல்லை என்றால் 2.' கேட்காமல் யார் தலையிலும் யாரையும் கட்டக் கூடாது என்று கம்பெனியை ஆரம்பித்தவரிடம் சண்டை போட்டு அந்தக் கேள்வியை வைத்தவளே பெரியவள்தான். 'முதன்முறையாக' என்ற வார்த்தையும் அவள் போட்டதுதான். அதைப் படித்தால் காலையில் தலையசைத்தது பொய் என்று தங்கைக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருந்தது. டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் ஒரே ஒரு வரி. பழைய தேதி ஒன்றைப் போட்டுவிட்டால் கேள்வி போகாது. அந்த அதிகாரம் அவளிடம் இருந்தது. யாருக்கும் தெரியவே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகலாம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாகப் பேசலாம். தங்கை தட்டு வைப்பாள்.

அந்த வரியை அடித்தாள். தேதியையும் போட்டாள், அம்மா போனதற்கு அடுத்த மாதம். படித்துப் பார்த்தாள். பிழை ஒன்றுமில்லை. விரல் அந்தக் கடைசிப் பொத்தானுக்கு மேல் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேண்டும். உயிரைக் கொடுத்தாவது வேண்டும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து, 'எப்போ போட்டே அக்கா?' என்று தங்கை மறுபடி கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவது? அடித்ததை அழித்தாள். எல்லோரையும் போலப் பதிவுப் பக்கத்தைத் திறந்து, இத்தனை காலம் காலியாக இருந்த இடத்தில் தங்கையின் எண்ணைப் போட்டு, அனுப்பினாள்.

'படித்துவிட்டார்' என்று சீக்கிரமே வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் பஸ் பிடித்தாள். பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டில், சாயாமல் இருக்கக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பூட்டுக்காரர் இனி வரப்போவதில்லை. யார் கூட்டி வருவார்கள்? கழுவிக் கவிழ்த்திருந்த கப்பும் அரிசிக் குவளையும் அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவற்றைப் பிரித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

படியில் காலடி கேட்டது. அவள் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். தோளில் பையோடு ஒருவர் நின்றார்.

"பூட்டுப் போடணும்னாங்க."

அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படியில் வேறு யாரும் இல்லை. கேட்கவா வேண்டாமா என்று இருந்தவள், யார் அனுப்பினார்கள் என்று மட்டும் கேட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் அம்மாதான், காரில் கொண்டுவந்து விட்டார்கள், மேலே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஓட்டியது பாருங்கள், என்று நெஞ்சில் கைவைத்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பிளந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து அடைத்து, கீலைச் சரிசெய்து, புதுப் பூட்டைப் பொருத்தினார். பெரியவள் ஜன்னலுக்குப் போகவில்லை. கீழே இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எந்த நிமிஷம் கிளம்பிப் போய்விடுமோ என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்தது. அவர் பூட்டை இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டு, வளையத்திலிருந்து சாவிகளைக் கழற்றினார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது?" என்று கேட்டாள் பெரியவள்.

"இது அவங்களுக்கும்மா. பூட்டு மாட்டினதும் ஒரு சாவிய வாங்கிட்டு வந்து கீழ குடுத்துடணும்னாங்க. இனிமே கதவ உடைக்க முடியாதாம், கை வலிக்குதாம்."

பெரியவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்து அவர் முகம் மங்கலானது. பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே குடுக்கறேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கினாள். கார், இந்தத் தடவை ஒழுங்காக, நடைபாதையை ஒட்டி நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே சின்னவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை. மடியில் போன் வெளிச்சம் தெரிந்தது, அவள் கட்டைவிரல் அதன்மேல் ஒரு தடவை அழுந்தியது.

பெரியவளின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. பதில் வந்துவிட்டது. ஒன்றா இரண்டா என்று எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவள் எடுக்கவில்லை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.